வராத டிஜேயின் நாட்குறிப்பு

2024 செப்டம்பர் 21, சனி. பெங்களூரு

கண் விழித்தபோது கைக்கடிகாரம் 10.50 காட்டியது. விமானம் 11.15-க்கு. நான் படுத்திருந்தது இந்திராநகரில். அங்கிருந்து விமான நிலையம் முப்பத்தைந்து கிலோமீட்டர். கணக்குப் போட்டுப் பார்க்கத் தேவையே இல்லை. போன் கட்டிலுக்கு அடியில் சார்ஜ் தீர்ந்து கிடந்தது. நான்கு அலாரம் வைத்திருந்தேன், நான்கும் அதோடு சேர்ந்து செத்துப்போயிருந்தன.

நேற்று இரவு இங்கே செட், அதாவது நான் பாட்டுப் போடும் நேரம். ஒரு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டார்கள். அப்புறம் யாரோ ஒருவருடைய மொட்டை மாடி. அரை மணி நேரம் இருந்துவிட்டுக் கிளம்பலாம் என்று போனவன், பால்காரர்கள் வரும் நேரத்துக்கு அறைக்கு வந்தேன்.

இன்று இரவு எட்டரைக்கு ஷில்லாங்கில் என் செட். குவாஹாட்டிக்கு மூன்று மணி நேரம் பறக்க வேண்டும். அங்கிருந்து மலையேறி நூறு கிலோமீட்டர், அதற்கு இன்னொரு மூன்று மணி நேரம். அடுத்து கிடைத்த விமானம் கொல்கத்தாவைச் சுற்றிக்கொண்டு போகிறது, குவாஹாட்டியில் இறங்கவே ஒன்பது மணியாகும். ஹைதராபாத், கொச்சி என்றால் விழுந்தடித்துப் போயிருக்கலாம்.

அக்காவைக் கூப்பிட்டேன். கூடப் பிறந்தவர் இல்லை. என் புக்கிங்கை ஆறு வருடமாகப் பார்த்துக்கொள்பவர், மதுரைக்காரர். பதினைந்து சதவீதம் கமிஷன், மிச்சமெல்லாம் உரிமை.

"தம்பி, போர்டிங் ஆயிருச்சா?"

"இல்லக்கா. ராத்திரியிலேர்ந்து வாந்தி. ஃபுட் பாய்சன் போல. எந்திரிக்கவே முடியல."

அப்படிச் சொல்லப் போகிறேன் என்று வாயைத் திறக்கும்வரை எனக்கே தெரியாது. அவர் பதறிப்போனார். "ஓஆர்எஸ் குடி, படு, அவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார்.

மாலையில் பசித்தது. பிரியாணி வரவழைத்துச் சாப்பிட்டேன். அதையும் எழுதிவைக்க வேண்டும், இல்லையென்றால் இந்தக் குறிப்புக்கே அர்த்தமில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு. சென்னை

ஷில்லாங்கில் என்ன நடந்தது என்று அக்கா சொன்னார். நடத்தியவர்கள் ஓர் அண்ணனும் தங்கையும். சொந்தக் காசில் போட்ட முதல் நிகழ்ச்சி. ஒரு மணி நேரம் ஓபனிங் செட் போட வந்த கல்லூரிப் பையன், எனக்காக வைத்திருந்த கன்சோலில் நாலு மணி நேரம் நின்றிருக்கிறான். போஸ்டரில் என் பெயருக்குக் கீழே, கண்ணாடி போட்டால்தான் தெரியும் அளவில் அவன் பெயர் இருந்தது. பாதிக் கூட்டம் டிக்கெட் காசைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டது. மீதிப் பாதி ஆடியிருக்கிறது.

"உடம்பு சரியில்லன்னா யாரு என்ன சொல்லப் போறாங்க? அவங்களும் புரிஞ்சுக்கிட்டாங்க. அந்தத் தங்கச்சி உனக்கு எப்படி இருக்குன்னு ரெண்டு தடவை கேட்டுச்சு" என்றார் அக்கா.

இந்தக் கடைசி வரியைக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

செப்டம்பர் 24, செவ்வாய்

மாட்டிக்கொண்டேன்.

மொட்டை மாடியில் யாரோ எடுத்த வீடியோ. காலை ஐந்து மணி பத்து நிமிடம் என்று நேரத்தையும் போட்டிருக்கிறார்கள். அதில் நான் ஒரு கையில் பிரெட் ஆம்லெட் தட்டோடு ஆடிக்கொண்டிருக்கிறேன். நன்றாகவே ஆடுகிறேன். அது எப்படியோ ஷில்லாங் வரைக்கும் போயிருக்கிறது. அந்த அண்ணன் அதை அக்காவுக்கு அனுப்பி ஒரே ஒரு வரி கேட்டிருக்கிறார்: இந்த ஆம்லெட்தான் ஒத்துக்கொள்ளவில்லையா?

அக்கா கத்தவில்லை. "நான் அவங்ககிட்ட என் வாயால சொன்னேன் தம்பி" என்றார். அவ்வளவுதான். போனை வைத்துவிட்டார்.

தூங்கிவிட்டேன் என்றே சொல்லியிருந்தால் திட்டு வாங்கியிருப்பேன். பொறுப்பில்லாதவன் என்று ஒரு பெயர் வந்திருக்கும், அது என்னோடு போயிருக்கும். இப்போது பொய் சொன்னவர் பட்டியலில் அவரும் சேர்ந்துவிட்டார். என்னைத் தவிர இன்னும் ஏழு பேருக்கு அவர் புக்கிங் பார்க்கிறார். அந்த ஏழு பேரில் யாருக்காவது நாளைக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தால் என்ன செய்வார்?

செப்டம்பர் 27, வெள்ளி

கணக்கு. பேசிய சம்பளம் 80,000. பாதி அட்வான்ஸ் 40,000. அதில் பத்து சதவீதம் டிடிஎஸ் பிடித்து அவர்கள் அனுப்பியது 36,000. அக்காவின் கமிஷன் 6,000 போக என் கைக்கு வந்தது 30,000. திருப்பிக் கொடுக்க வேண்டியது முழு நாற்பதாயிரம். பிடித்த நாலாயிரத்தை அவர்கள் என் பான் எண்ணில் அரசாங்கத்துக்குக் கட்டிவிட்டார்கள். வாசிக்காத கச்சேரிக்கு வருமான வரி கட்டியவன் நானாகத்தான் இருப்பேன். அதற்கு மேல் அவர்கள் எடுத்த விமான டிக்கெட், போக வர 17,600.

ஒப்பந்தத்தை இன்றைக்குத்தான் முழுசாகப் படித்தேன். ஆறு வருடத்தில் முதல்முறை. புயல், வெள்ளம், போர், கலவரம், அரசு உத்தரவு, இவற்றால் வர முடியாமல் போனால் இரு தரப்பிலும் குற்றமில்லை என்று ஒரு பத்தி இருக்கிறது. தூக்கம் அந்தப் பட்டியலில் இல்லை.

57,600 அனுப்பினேன். சவுண்டு வாடகையிலும் பாதி தருகிறேன் என்று எழுதினேன். பதில் இல்லை. அக்கா தன் ஆறாயிரத்தைக் கேட்காமலேயே எனக்கு அனுப்பிவிட்டார். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்டோபர் 9, புதன்

நவம்பரில் இருந்த இரண்டு புக்கிங் போய்விட்டது. யாரும் காரணம் சொல்லவில்லை. "தேதி கொஞ்சம் மாறுது, சொல்றோம்" என்றால் என்ன அர்த்தம் என்று இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். மிச்சமிருக்கும் கோவா நிகழ்ச்சிக்கும் ஒப்பந்தம் மாறிவிட்டது. அட்வான்ஸ் பாதியிலிருந்து கால்வாசி. மாலை ஏழு மணிக்குள் சவுண்ட் செக்குக்கு அங்கே நிற்க வேண்டும், இல்லையென்றால் ரத்து.

இரவு பழைய கதைகளைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். 2014 மார்ச்சில் மயாமி அல்ட்ரா இசை விழாவுக்கு டிஜே அவிச்சியால் வர முடியவில்லை. பித்தப்பை, குடல்வால் இரண்டையும் எடுக்கும் அளவுக்கு உடம்பு கெட்டிருந்தது. அவருக்குப் பதிலாக மேடையேறிய டிஜே டெட்மவுஸ், மார்ட்டின் காரிக்ஸ் என்ற இன்னொரு டிஜேயின் 'அனிமல்ஸ்' பாட்டை எடுத்து 'ஓல்டு மெக்டொனால்டு' குழந்தைப் பாட்டோடு கலந்துவிட்டார். அன்றைக்கு நான் அந்த வீடியோவைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தேன். 2016-இல் அவிச்சி ஊர் ஊராகப் போவதையே நிறுத்தினார். 2018 ஏப்ரல் 20 அன்று மஸ்கட்டில் இறந்தபோது வயது 28. ஹார்ட்வெல் என்ற டிஜேயும் அதே வருடம் செப்டம்பரில் போதும் என்று ஒதுங்கி, 2022-இல்தான் திரும்பி வந்தார்.

இதையெல்லாம் படிக்கும்போது, நானும் அந்த வரிசையில் ஒருவன், ஓடி ஓடிக் களைத்துப்போனவன் என்று நினைத்துக்கொள்ள மனம் கிடந்து அலைகிறது. உண்மை அதுவல்ல. அந்த மாதம் எனக்கு மொத்தம் ஐந்தே கிக், அதாவது நிகழ்ச்சி. நான் களைத்துப்போகவில்லை. மாடியில் பாட்டு நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

நவம்பர் 1, வெள்ளி

நேற்று தீபாவளிக்கு அப்பாவின் பழைய நண்பர்கள் வந்திருந்தார்கள். அப்பா மெல்லிசைக் குழுவில் ட்ரிபிள் காங்கோ வாசித்தவர். ஒருமுறை செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மாரியம்மன் கோயில் திருவிழாவில், பாடுகிறவர் வரவில்லை. வேன் பழுதாம். இவர்கள் இரண்டரை மணி நேரம் பாட்டில்லாமல் வெறும் வாத்தியமாக ஓட்டியிருக்கிறார்கள். பதினோரு மணிக்கு முதல் கல் வந்து கீபோர்டு மேல் விழுந்ததாம். "வராதவன் தப்பிச்சுட்டான், வந்தவன்தான் அடி வாங்குனான்" என்று சொல்லிவிட்டு அப்பா என்னைப் பார்க்காமல் முறுக்கை எடுத்தார். அவரிடம் யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. அம்மாவாகத்தான் இருக்கும்.

நவம்பர் 15, வெள்ளி

ஷில்லாங்கிலிருந்து மின்னஞ்சல். நெஞ்சு படபடக்கத் திறந்தேன். உள்ளே ஃபார்ம் 16ஏ. டிடிஎஸ் பிடித்ததற்கான சான்றிதழ், ரூபாய் நாலாயிரம். செப்டம்பரோடு முடிந்த காலாண்டுக்கு இன்றைக்குள் அனுப்ப வேண்டும், அனுப்பியிருக்கிறார்கள். வணக்கம்கூட இல்லை. ஒழுங்கானவர்கள்.

நவம்பர் 29, வெள்ளி

நாளை கோவாவில் வாகத்தோர், இரவு 11.30. இங்கே மழை. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வலுவிழந்துதான் கரையைக் கடக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், மதியம் இரண்டரைக்கு அது ஃபெஞ்சல் புயலாகிவிட்டது என்றார்கள்.

அக்கா காலையிலேயே கூப்பிட்டார். செப்டம்பருக்குப் பிறகு அவராகக் கூப்பிடுவது இதுவே மூன்றாவது முறை. "இன்னைக்கே கிளம்பிரு தம்பி." எனக்கு ஈசிஆரில் ஒரு கல்யாண சங்கீத், முப்பத்தைந்தாயிரம். இரண்டு புக்கிங் கைவிட்டுப்போன மாதம் இது. "நாளைக்கு மதியம்தானேக்கா ஃப்ளைட், ஒண்ணும் ஆகாது" என்றேன். இந்த ஜூலை 19-ஆம் தேதி உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்கள் நின்றபோதுகூட, கையால் எழுதிக் கொடுத்த போர்டிங் பாஸை வைத்துக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தேனே. அந்தச் சீட்டு இன்னும் ஹெட்போன் பைக்குள் இருக்கிறது.

டிசம்பர் 1, ஞாயிறு. கோவா

நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பதினொன்றரைக்குச் செய்தி வந்தது: பன்னிரண்டு மணியிலிருந்து சென்னை விமான நிலையம் மூடல். முதலில் இரவு ஏழு வரை என்றார்கள், பிறகு அது ஞாயிறு அதிகாலை நான்கு வரை நீண்டது. நான் காத்திருக்கவில்லை. பெங்களூரிலிருந்து இரவு 8.55-க்கு ஒரு விமானம், ஒரே ஒரு சீட். பெரம்பூரில் தெருவில் முழங்காலுக்குத் தண்ணீர். முக்கு வரைக்கும் நடந்து போய் ஒரு டாக்ஸியைப் பிடித்தேன். ஓட்டுநர் விவரமானவர். "ஓசூர் பக்கம் போனா சில்க் போர்டுல சிக்கிருவோம் சார். சித்தூர், கோலார் வழியா விடுறேன், நேரா ஏர்போர்ட் பக்கம் போயிரலாம்."

கோவாக்காரர்களுக்கு லைவ் லொகேஷன் அனுப்பினேன். தண்ணீரில் நிற்கும் என் காலைப் படம் எடுத்து அனுப்பினேன். விமான நிலையம் மூடிய செய்தியை அனுப்பினேன். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கட்டைவிரல் வந்தது.

கோலாருக்கு முன்னால் டீக்கடையில் நின்றபோது அக்காவின் செய்தி: "வேற ஆளைப் போட்டுட்டாங்க. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். நீ வந்துக்கிட்டிருக்கேங்கிறதை நம்பலை. திரும்பிரு." ஷில்லாங் கதை அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. போஸ்டரில் என் பெயருக்கு மேல் குறுக்கே ஒரு பட்டை போட்டு, 'பயணம் செய்ய இயலவில்லை' என்று அதற்குள் வெளியிட்டுவிட்டார்கள்.

"திருப்பட்டுமா சார்?" என்றார் ஓட்டுநர்.

"ஓட்டுங்க" என்றேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

கவுண்டர் மூடப் பத்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தேன். கோவாவின் மோப்பா விமான நிலையத்தில் இறங்கி, வாகத்தோர் வாசலில் நின்றபோது மணி 11.20. வாசல் பையன் கைப்பட்டை எங்கே என்றான். நான் ஆர்ட்டிஸ்ட் என்றேன். அவன் பட்டியலைப் பார்த்துவிட்டு இல்லை என்றான். ப்ரமோட்டர் வெளியே வந்தார். என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஷூவைப் பார்த்தார். சேறு காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. நிஜமாகவே வந்துவிட்டீர்களா என்றார். கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி இருந்தது, ஆனாலும் கன்சோலைத் தரவில்லை. தரவும் கூடாது. உள்ளே இருந்த உள்ளூர்க்காரர் ஏற்கெனவே கூட்டத்தைக் கையில் எடுத்திருந்தார். ஒரு கைப்பட்டை கட்டிவிட்டார்கள். இரண்டு மணி வரை பின்வரிசையில் நின்றேன். சட்டைப் பையில் பாட்டு நிரப்பிய இரண்டு யூஎஸ்பி.

டிசம்பர் 2, திங்கள்

புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழையாம். வீடிழந்தவர்கள் படத்தைப் பார்த்துக்கொண்டு, போன கிக்கைப் பற்றிப் புலம்ப வாய் வரவில்லை.

இரவு அக்காவிடம் ஒப்பந்தத்தின் அந்தப் பத்தியைச் சொன்னேன். புயல், வெள்ளம், யார் மேலும் குற்றமில்லை. அட்வான்ஸை ஏன் திருப்பித் தர வேண்டும்?

"வெள்ளிக்கிழமையே போன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"அப்புறம் என்ன புயல்?"

திருப்பி அனுப்பிவிட்டேன்.

டிசம்பர் 18, புதன்

சனிக்கிழமை கொச்சி. அக்கா என்னைக் கேட்காமலேயே ரயில் டிக்கெட் போட்டு அனுப்பியிருக்கிறார், நாளை இரவுக்கு. வெள்ளிக்கிழமை முழுக்க அங்கே சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். "சும்மாவே உட்காரு" என்று கீழே எழுதியிருந்தார். செப்டம்பருக்குப் பிறகு அவரிடமிருந்து வரும் முதல் கிண்டல். அதை நாலு தடவை படித்தேன்.

அம்மா பெரம்பூர் கடையில் ஒரு மணியடிக்கிற கடிகாரம் வாங்கிவந்திருக்கிறார், தலையில் இரண்டு கிண்ணியோடு. பைக்குள் ஹெட்போன் பக்கத்தில் வைத்தால் டிக் டிக் என்று வெளியே கேட்கிறது. சென்ட்ரலில் ரயில்வே போலீஸ் பையைத் திறக்கச் சொன்னால் வம்பு. பேட்டரியைக் கழற்றி, அந்தக் கையெழுத்துப் போர்டிங் பாஸில் சுற்றி, பக்கத்து ஜிப்பில் வைத்திருக்கிறேன்.