எதிரே உட்கார ஒரு ஆள்

2024 டிசம்பர் 12ஆம் தேதி இரவு, இங்கே சிங்கப்பூரில், செந்தோசாவில் குகேஷ் செஸ் உலகச் சாம்பியன் ஆனபோது நான் ஜூரோங்கில் கிடங்கில் இருந்தேன். இரவு ஷிப்ட். தண்ணீர்ப் போத்தலில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தேன். பதினெட்டு வயதுச் சென்னைப் பையன் அழுதுகொண்டே காய்களைத் திரும்ப அதனதன் கட்டத்தில் அடுக்கினான். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அந்த நாட்களில் செஸ் பற்றி எதைப் படித்தாலும் ஒரு எண் கண்ணில் பட்டது. உலகத்தில் 60 கோடிப் பேர் செஸ் ஆடுகிறார்களாம். மறுநாள் காலை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா வெங்காயம் உரித்தபடியே கேட்டார்: "சரி, பல்லாங்குழி எத்தனை பேருடி ஆடுறாங்க?"

என்னிடம் பதில் இல்லை. ஆனால் எண்ணுவதுதான் என் தொழில். பதினாறு வருடமாகக் கிடங்கில் இருப்பு எடுக்கிறேன். கேட்ட கேள்வியை அப்படியே விட மனமில்லை.

முதலில் அந்த 60 கோடி எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். 2012இல் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி, ரஷ்யா, இந்தியா ஆகிய ஐந்து நாடுகளில் எடுத்த கருத்துக்கணிப்பை வைத்து, அதை உலகத்துக்கு விரித்துச் சொன்ன கணக்கு அது. கோ விளையாட்டுக்கு வேறு மாதிரி எண்ணியிருக்கிறார்கள். இங்கே சீனர்கள் வெய்ச்சி என்று சொல்வார்களே, அதுதான். 2016இல் அனைத்துலக கோ கூட்டமைப்பு தன் உறுப்பு நாடுகளிடம் விசாரித்தது. ஆடத் தெரிந்தவர்கள் 4 கோடியே 60 லட்சம், உண்மையில் ஆடுகிறவர்கள் சுமார் 2 கோடி என்று இரண்டு எண்களைத் தனித்தனியாகச் சொன்னார்கள். இதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. நாங்கள் கிடங்கில் செய்வதும் இதுதான். இருப்பு வேறு, புழக்கம் வேறு. அலமாரியில் ஆயிரம் பெட்டி இருக்கலாம். போன வருடம் அதில் எத்தனை வெளியே போனது என்பது தனிக் கணக்கு.

பல்லாங்குழிக்குக் கூட்டமைப்பு கிடையாது, தரவரிசை கிடையாது. வீட்டுக்குள்ளே, பெரும்பாலும் பெண்கள், பெரியவளான பெண்ணுக்குத் துணையாகவோ மாசமாக இருப்பவளுக்குப் பொழுது போகவோ ஆடிய ஆட்டம். யார் வந்து பதிவு செய்வார்கள்? அதனால் நானே ஒரு நோட்டு எடுத்துக்கொண்டேன். எங்கள் ஈசூன் புளோக், கோயிலில் பழக்கமானவர்கள், அம்மாவின் தோழிகள் என்று நாற்பது வயது தாண்டிய முப்பது தமிழ்ப் பெண்களிடம் மூன்று கேள்வி கேட்டேன். ஆடத் தெரியுமா? வீட்டில் பலகை இருக்கிறதா? கடைசியாக எப்போது ஆடினீர்கள்?

22 பேருக்கு ஆடத் தெரியும். 9 வீடுகளில் பலகை இருக்கிறது. அதில் பாதி, கண்ணாடி அலமாரியில் தஞ்சாவூர் பொம்மைக்குப் பக்கத்தில் நிற்கிறது. போன ஒரு வருடத்தில் ஆடியவர்கள் 3 பேர். அந்த மூவரில் இருவர் அக்காள் தங்கை, ஒருவரோடு ஒருவர் ஆடியவர்கள். மூன்றாமவர் போனில் இயந்திரத்தோடு ஆடுகிறார். அவரையும் சேர்த்துக்கொண்டேன். ஆட்டம் ஆட்டம்தானே.

இதை வைத்துப் பெரிய கணக்குப் போட்டேன். 2011 இந்தியக் கணக்கெடுப்பில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 6 கோடியே 90 லட்சம். பாதி பெண்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு நாற்பது தாண்டியவர்கள் என்று வைத்தால் ஒரு கோடிக்குக் கொஞ்சம் மேலே. என் முப்பது பேரின் விகிதத்தையே போட்டால், ஆடத் தெரிந்தவர்கள் ஏறத்தாழ 80 லட்சம், போன வருடம் ஆடியவர்கள் 11 லட்சம். இளையவர்களையும் ஆண்களையும் இலங்கை, மலேசியத் தமிழரையும் நான் இதில் சேர்க்கவில்லை. ஆனால் அடுக்குமாடி வீடுகளில் கேட்ட முப்பது பேர், தஞ்சாவூர்ப் பக்கத்துத் தெருத் திண்ணைக்குப் பதில் சொல்ல முடியாது. அதனால் 5 லட்சத்திலிருந்து 15 லட்சம் வரை என்று நோட்டில் எழுதினேன்.

எல்லைக் கோடு போடுவதுதான் இதில் கஷ்டம். தெலுங்கர்கள் வாமன குண்டலு என்பார்கள், கன்னடர்கள் அளிகுளி மனே என்பார்கள். அதே ஆட்டத்தின் உடன்பிறப்புகள். இங்கே மலாய்க்காரர்களுக்கு சோங்காக், பிலிப்பீன்ஸில் சுங்கா, கானாவில் ஒவாரே, சான்சிபாரில் பாவோ. கசக்ஸ்தானில் தோகுஸ்குமாலாக்: பக்கத்துக்கு ஒன்பது குழி, குழிக்கு ஒன்பது காய், மொத்தம் 162. 2020இல் அது யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலிலேயே ஏறியது. குழியில் காய் போட்டு விதைத்துக்கொண்டே போகும் எல்லாவற்றையும் ஒரே குடும்பமாக எண்ணினால் தொகை பல மடங்காகிவிடும். எண்ணலாமா என்று எனக்கே பல நாள் குழப்பம்.

அதைவிட என்னை உறுத்தியது வேறு. ஆடத் தெரிந்தும் ஆடாத 19 பேரிடம் ஏன் என்று கேட்டேன். நேரமில்லை என்பார்கள் என்று நினைத்தேன். 14 பேர் ஏறக்குறைய ஒரே பதிலைச் சொன்னார்கள்: எதிரே உட்கார ஆள் இல்லை. பேரப்பிள்ளைக்குப் பொறுமை இல்லை, மருமகளுக்குத் தெரியாது, தெரிந்த நாத்தனார் ஊரில் இருக்கிறார். ஒருவர் விட்டால் இருவர் கணக்கிலிருந்து போகிறார்கள். செஸ், கோ கணக்குப் போடுகிறவர்களும் ஆட்களைத்தான் எண்ணுகிறார்கள். ஜோடிகளை அல்லவா எண்ண வேண்டும்?

அந்த 14 பேரில் அம்மாவும் ஒருவர். 1984இல் கல்யாணமாகி மன்னார்குடியிலிருந்து வந்தபோது கொண்டுவந்த பலகை எங்கள் வீட்டில் இருக்கிறது. நடுவில் கீல் வைத்து மடிக்கிற பலகை, பக்கத்துக்கு ஏழு குழி. புளியங்கொட்டை 70, பழைய மைலோ டின்னில். அப்பாவின் அக்கா இருந்தவரை தினமும் மத்தியானம் ஆட்டம் நடந்தது. அவர் போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. அதற்கப்புறம் அம்மா ஒரு தடவைகூடப் பலகையைத் திறக்கவில்லை. எனக்கு இது தெரியவே தெரியாது. நோட்டோடு போய்க் கேட்ட பிறகுதான் தெரிந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் எதிரே உட்காரவில்லையே என்று அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

நோன்புப் பெருநாளுக்கு நாலாவது மாடி மக்சிக் (மலாய்க்கார அம்மாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) பலகாரம் கொண்டுவந்தார். மேசையில் கிடந்த பலகையைப் பார்த்தவர் "சோங்காக்!" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். அம்மாவுக்குச் சந்தை மலாய் தெரியும். இரண்டு பேரும் விதி பேசினார்கள். சோங்காக்கில் இரண்டு முனையிலும் ஆளுக்கொரு பெரிய குழி உண்டு, அதுதான் ரூமா, வீடு. எங்கள் பலகையில் அது இல்லை. மக்சிக் கொஞ்சமும் யோசிக்காமல், கொண்டுவந்த சிவப்பு மூடி டப்பாக்கள் இரண்டில் இருந்த பலகாரத்தைத் தட்டில் கொட்டினார். காலி டப்பாக்களை இரு முனையிலும் வைத்தார். வீடு தயார்.

அவர்கள் முறையில் முதல் ஆட்டத்தை இருவரும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும். நாலு கைகளும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. அம்மா தன் பங்குக்கு ஒரு விதியை விட்டுத்தரவில்லை. குழியில் நாலு சேர்ந்தால் பசு, அந்தப் பக்கத்துக்காரர் எடுத்துக்கொள்ள வேண்டும். பசு என்றால் என்ன என்று மக்சிக் கேட்க, அம்மா "லெம்பு, லெம்பு" என்றார். அப்புறம் நாலு சேரும்போதெல்லாம் மக்சிக் "லெம்பு!" என்று அள்ளிக்கொண்டார். அம்மாவின் விரல்களைப் பார்த்தேன். வெங்காயம் நறுக்கும்போது மூட்டுவலியில் தடுமாறுகிற விரல்கள், கொட்டைகளை ஒவ்வொன்றாக, சத்தம்கூட ஒரே அளவில், விட்டுக்கொண்டே போயின.

மக்சிக் கிளம்பும்போது, குழிக்கு ஐந்து போதாது, அடுத்த தடவை ஏழு வைக்க வேண்டும் என்றார். ஏழு என்றால் 98. எங்களிடம் இருப்பது 70.

இந்த இருவரையும் பல்லாங்குழியில் எழுதுவதா சோங்காக்கில் எழுதுவதா என்று நான் யோசிக்கவில்லை. நோட்டில் "ஜோடி" என்று புதிதாக ஒரு கட்டம் கோடு போட்டு, அதில் 1 என்று எழுதினேன். மறுநாள் ஷிப்ட் முடிந்து வரும் வழியில் பூங்காவில் இறங்கி, சாகா மரத்தடியில் சிவப்பாகக் கிடந்த மஞ்சாடி முத்து 28 எண்ணிப் பொறுக்கினேன். உடைந்துபோனால் மாற்றுவதற்கு இன்னும் இரண்டு.