வலிக்காத கட்டி

ஒரு வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது இடது மார்பின் மேல்பக்கம், அக்குளை ஒட்டி, புளியங்கொட்டை மாதிரி ஒன்று விரலில் தட்டுப்பட்டது. அமுக்கினேன், வலிக்கவில்லை. சரி, வலிக்காததற்கு எதற்குக் கவலை என்று தலையை அலசிவிட்டு வந்துவிட்டேன். எனக்கு அப்போது வயது 46. தையல் வேலை. தீபாவளி ஜாக்கெட்டுகள் மேசையில் குவிந்து கிடந்த நேரம்.

மூன்று வாரம் கழித்துப் பக்கத்து டவுனில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "கொழுப்புக் கட்டிதான், போயிட்டு வாங்க" என்றார். ஸ்கேன் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை, உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகத்தான் திரும்பினேன். இப்படியே 70 நாள் ஓடிவிட்டது.

மாமியாருக்குப் பிரஷர் மாத்திரை கொடுக்க, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாதாமாதம் ஓர் அக்கா வீட்டுக்கு வருவார். ஒருநாள் என்னைப் பார்த்து, "முப்பது தாண்டின பொம்பளைங்க மார்பும் கர்ப்பப்பை வாயும் செக் பண்ணிக்கணும், நீ பண்ணியாம்மா?" என்றார். வாய்தவறிக் கட்டியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இழுத்துப் போனார்.

நர்ஸ் என்னைப் படுக்கவைத்து, கையைத் தலைக்குப் பின்னால் வைக்கச் சொன்னார். மூன்று விரல்களின் உட்பக்கத்தால் வட்டவட்டமாக அழுத்திக்கொண்டே அக்குள்வரை போனார். நான் குளியலறையில் கிள்ளிப் பார்த்ததெல்லாம் பரிசோதனையே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. "வலிக்கலையேன்னு நிம்மதியா இருந்தீங்களா? இது ஆரம்பத்துல பெரும்பாலும் வலிக்காதும்மா" என்று சொல்லிக்கொண்டே, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சீட்டு எழுதினார்.

மேமோகிராமுக்கு, அதாவது மார்பு எக்ஸ்ரேவுக்கு, பவுடர், சென்ட் போட்டுப் போகக் கூடாது. பவுடர் துகள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளி மாதிரி விழுமாம். நான் பூசிக்கொண்டு போயிருந்தேன். துடைத்துவிட்டு வா என்றார்கள். இரண்டு தகட்டுக்கு நடுவில் மார்பை வைத்து அழுத்துகிறார்கள். வலிதான், ஆனால் சில நொடிகள். அப்புறம் அல்ட்ராசவுண்ட். கட்டி 1.8 சென்டிமீட்டர், பைராட்ஸ் 5. பைராட்ஸ் என்பது படத்தைப் பார்த்து, புற்றுநோய்ச் சந்தேகம் எவ்வளவு என்று போடுகிற எண். அந்த எண் 5 என்றால் புற்றுநோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 6 என்பது பயாப்ஸியில், அதாவது ஊசியால் சதை எடுத்துச் சோதித்ததில், ஏற்கெனவே உறுதியானவர்களுக்கு. எனக்கும் அடுத்தது பயாப்ஸி.

"ஊசி குத்தினா உடம்பெல்லாம் பரவிடும்டி" என்று மாமியார் அழுதார். நானும் பாதி நம்பினேன். அதனால் பரவாது, என்ன வகை என்று தெரியாமல் வைத்தியத்தைத் தொடங்க முடியாது என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். மரத்துப்போக ஊசி போட்டார்கள். பிறகு ஸ்டேப்ளர் அடிப்பதுபோல் 'டப்', நாலைந்து தடவை. நூல் மாதிரி வந்த சதைத் துண்டுகளை ஃபார்மலின் குப்பியில் போட்டு, லேபில் கொடு என்று என் கையிலேயே தந்தார்கள். இத்தனையிலும் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது, அந்தக் குப்பியோடு நடந்த நடைதான்.

புற்றுநோய் என்று தெரிய எட்டு நாள். அது எந்த வகை என்று பார்க்கிற ஹார்மோன், ஹெர்2 (ஒரு புரதம்) பரிசோதனைக்கு இன்னும் ஒரு வாரம். ஹார்மோன் பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ். மார்பை முழுதாக எடுக்காமல் கட்டியையும் சுற்றிக் கொஞ்சம் சதையையும் மட்டும் எடுத்தார்கள். அக்குள் நெறிக்கட்டிகளில் நோய் இல்லை. எனக்குக் கீமோ தேவைப்படவில்லை. 15 நாள் கதிர்வீச்சு, பிறகு தினமும் தமாக்ஸிஃபென் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை. செலவு பெரும்பாலும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் போயிற்று.

பக்கத்துக் கட்டிலில் இருந்த அக்காவுக்கு மார்புத் தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி குழிகுழியாகியிருந்தது. வீட்டில் இருப்பது மூன்று ஆம்பளைகள், யாரிடம் சொல்ல என்று ஒரு வருஷம் மறைத்திருக்கிறார். அவருக்கு முதலில் கீமோ, அப்புறம்தான் ஆபரேஷன். என்னுடைய 70 நாளை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கை தூக்க வராமல், சுவரில் விரலால் ஏறி ஏறிப் பழகினேன். இப்போது மெஷினில் உட்காருகிறேன். போன மாதம் மாமியாரையும் மேமோகிராமுக்குக் கூட்டிப்போனேன். ஒன்றும் இல்லை என்று வந்தது. "சப்பாத்தி மாவைக்கூட இப்படி அமுக்க மாட்டாங்க" என்று பஸ்ஸில் வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தார்.