பட்டியலில் 1875, பாட்டில் பால்மரம்

மலாயாத் தோட்டங்களில் புழங்கிய கும்மி, சிந்துப் பிரசுரங்களைப் பற்றிய முதுகலை ஆய்வேட்டிற்காக, கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் அரிய நூல் பிரிவில் மூன்று வாரங்கள் படித்தேன். அனுமதி பெறுவதில் சிக்கல் எதுவும் இல்லை. மேற்பார்வையாளரின் கடிதத்தையும் மாணவர் அட்டையையும் காட்டி ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். இரண்டு நாட்களில் இடம் கிடைத்தது. பை, தண்ணீர்ப் புட்டி, பேனா அனைத்தையும் வெளியே பெட்டகத்தில் பூட்டிவிட்டு, பென்சிலும் மடிக்கணினியும் மட்டும் எடுத்துச் செல்ல வேண்டும். குளிராடை கொண்டு போகாதது என் பிழை. முதல் நாள் நடுங்கிக்கொண்டேதான் படித்தேன்.

பட்டியலில் தேடுவதுதான் பெரும்பாடாக இருந்தது. பழைய தமிழ் நூல்களின் தலைப்புகள் அங்கே ரோமன் எழுத்தில் பதியப்பட்டுள்ளன. அடையாள அட்டையில் நம் பெயர்களைக் காதுக்குக் கேட்டபடி எழுதிக்கொள்கிறோம். நூலகப் பட்டியலோ ஒலியைப் பார்ப்பதில்லை, ஒரு தமிழ் எழுத்துக்கு எங்கும் ஒரே ரோமன் எழுத்து என்று வைத்துக்கொள்கிறது. ஆகவே 'கங்காணி' என்பதை நடுவில் 'ஜி' போட்டுத் தேடியபோது ஒன்றும் வரவில்லை. இரண்டு ககரத்திற்கும் 'கே' போட்டதும் ஒரு பக்கம் நிறைய வந்தது. 'தோட்டம்' என்பதில் 'எச்' சேர்த்ததால் இரண்டு நாட்கள் வீணாயின. இதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம்.

அப்படியும் நான் தேடிய பிரசுரம் பட்டியலில் தனியாக இல்லை. முன்பு அதை வைத்திருந்தவர் ஏழெட்டுச் சிறு பிரசுரங்களை ஒரே அட்டைக்குள் சேர்த்துத் தைத்திருந்தார். பட்டியலிட்டவர் முதல் பிரசுரத்தின் தலைப்பை மட்டும் பதிந்துவிட்டு, தொகுதி முழுவதற்கும் 1875 என்று ஆண்டு கொடுத்திருந்தார். பணியிலிருந்த தமிழ் அக்கா, "தைச்ச புத்தகமா இருந்தா கடைசி வரைக்கும் புரட்டிப் பாருங்க, தங்கச்சி" என்று சொல்லியிராவிட்டால், நான்காவதாகக் கிடந்த அந்தப் பதினாறு பக்கக் கும்மியைக் காணாமலே திருப்பிக் கொடுத்திருப்பேன்.

பஞ்சுத் தாங்கியின் மேல் வைத்து, கழுவி உலர்த்திய வெறுங்கையால்தான் புரட்டினேன். கையுறை அணிந்தால் தாளின் விளிம்பு விரலுக்குத் தெரியாமல் கிழிந்துவிடும் என்பதால், புகைப்படங்களுக்கு மட்டுமே அதைத் தருகிறார்கள். மரக்கூழில் செய்த மலிவுத் தாள் அமிலமேறிப் பழுத்திருந்தது. மடிப்புகளில் தொட்டாலே உதிர்ந்தது. 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய ணா, றா, லை வடிவங்கள் ஒரு மணி நேரத்தில் கண்ணுக்குப் பழகிவிட்டன.

முகப்பில் அச்சகத்தின் பெயர் பூச்சி அரித்த ஓட்டையில் போயிருந்தது. எஞ்சியிருந்தது 'யுவ ௵ சித்திரை ௴', அதாவது யுவ வருடம் சித்திரை மாதம், என்பது மட்டுமே. அறுபது ஆண்டுச் சுழற்சியில் யுவ வருடம் 1875-இலும் வருகிறது, 1935-இலும் வருகிறது. முதல் பிரசுரத்திலும் இதே ஆண்டுப் பெயர் இருந்ததால், பட்டியலிட்டவர் அட்டவணையில் முதலில் கண்ட ஆண்டை எழுதிக்கொண்டிருக்க வேண்டும். நானும் அதை நம்பி, சிங்கப்பூரில் 1876-இல் வெளிவந்த 'தங்கை நேசன்' இதழுக்கும் முந்தைய அச்சுப் படைப்பு கையில் கிடைத்துவிட்டதாக ஒரு மாலைப்பொழுது முழுவதும் மிதந்துகொண்டிருந்தேன். மேற்பார்வையாளருக்கு ஒரு நீண்ட குறுஞ்செய்திகூட அனுப்பிவிட்டேன்.

மறுநாள் மூன்றாம் பக்கத்தை நகலெடுக்கும்போதுதான், இருட்டு விலகுமுன் லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து) கிளம்பிப் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டப் போகும் பெண்களைப் பற்றிய அடிகள் உறைத்தன. ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூருக்கும் கோலகங்சாருக்கும் வந்து சேர்ந்ததே 1877-இல்தான். தோட்டம் தோட்டமாகப் பயிரானது இருபதாம் நூற்றாண்டில். ஆகவே 1875-இல் எவரும் இந்தக் கும்மியைப் பாடியிருக்க முடியாது. போதாக்குறைக்கு, பின்னட்டை விளம்பரத்தில் 'தமிழ் நேசன்' பெயர் இருந்தது. அந்த நாளிதழ் தொடங்கியது 1924-இல். குறுஞ்செய்திக்கு மேற்பார்வையாளர் அதுவரை பதில் அனுப்பாதிருந்தது என் நல்லூழ்.

ஏமாற்றம் இரண்டு நாட்கள்தான். 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்து, ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் தமிழகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின் வந்த பாட்டு என்று தெரிந்ததும், 'போனவங்க லயமெல்லாம் பூட்டிக் கிடக்குதடி' என்ற அடி, பழமைப் பெருமையைவிட என் ஆய்வுக்கு அதிகம் பயன்பட்டது. அந்த அடியைச் சுற்றியே இரண்டாம் இயலை மாற்றி எழுதினேன்.

படமெடுக்க அனுமதி கிடைத்தது. ஒளிவிளக்கு போடக்கூடாது, ஆய்வுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று கையெழுத்திட்டேன். கடைசி நாள், ஆண்டைத் திருத்தவும் உள்ளிருக்கும் பிரசுரங்களைத் தனித்தனியே பதியவும் கேட்டு, சான்றுகளோடு ஒரு கடிதம் கொடுத்தேன். நான்கு மாதங்கள் கழித்துப் பார்த்தபோது ஆண்டு 1935 என்று மாறியிருந்தது. கும்மியின் தலைப்பு மட்டும் இன்னும் ஏறவில்லை; அந்த அக்காவிடம் அடுத்த வாரம் நேரில் கேட்க இருக்கிறேன்.