இதயம் குமட்டிய தேர்வு

கசாக்ஸ்தானில் மருத்துவ மாணவர்களுக்கான கசாக் மொழி வாய்மொழித் தேர்வில் எனக்கு வந்தது நோயாளியுடன் உரையாடல். நோயாளியாக நடித்த ஆசிரியை வயிற்றைப் பிடித்துக்கொண்டு "ஜுரெகிம் அய்னிதி" என்றார். ஜுரெக் என்றால் இதயம். முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்த சொல். நெஞ்சு வலி எப்போது தொடங்கியது, இடது கைக்குப் பரவுகிறதா என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவர் சொன்னதோ "எனக்குக் குமட்டுகிறது" என்று. வயிற்றிலிருந்த கையையாவது நான் பார்த்திருக்கலாம்.

அதே ஜுரெக்கோடு ஜல்கவ் சேர்ந்தால், பசி தாங்க ஏதாவது கொறிப்பது என்று பொருள். ஜல்கவ் என்றால் இணைப்பது. இலக்கண வகுப்பில் வேற்றுமை உருபையும் அப்படித்தான் அழைக்கிறார்கள்.

கசாக்ஸ்தானுக்கு மருத்துவம் படிக்க வரும் நம் பிள்ளைகள் பலரும் என்னைப் போலவே நோட்டில் நடுக்கோடு போட்டு, இடப்பக்கம் சொல், வலப்பக்கம் ஒரே ஒரு பொருள் என்று எழுதுகிறார்கள். அந்தக் கோடுதான் என்னைக் கவிழ்த்தது. மறுதேர்வுக்கு வேறு மாதிரி படித்தேன். பெயர்ச்சொல்லைத் தனியாக எழுதவே இல்லை. பக்கத்துச் சொல்லோடு சேர்த்துத்தான் எழுதினேன்.

"பாஸ்" என்ற சொல்லைப் பாருங்கள். பொருள் தலை. "பாஸி" (அதன் தலை) என்று உடைமை விகுதியோடு வந்தால் உடனே இடப்பக்கம், அதற்கு முன்னால் நிற்கும் சொல்லுக்குத் திரும்ப வேண்டும். அங்கே குழந்தை இருந்தால் தலை. மலை இருந்தால், "தவ்திங் பாஸி", சிகரம். ஆண்டு இருந்தால், "ஜில்திங் பாஸி", ஆண்டின் தொடக்கம். விகுதியே இல்லாமல் "பாஸ் தாரிகெர்" என்று வந்தால் தலைமை மருத்துவர். இது நமக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. எண் முன்னால் நின்றால் அளவு: "பிர் பாஸ் பியாஸ்", ஒரு வெங்காயம். சந்தையில் நான் முதலில் பிழையில்லாமல் சொன்ன வாக்கியம் அதுதான்.

கண்ணுக்கு "கோஸ்". நீரூற்றின் கண் என்றால் ஊற்று பிறக்கும் இடம். ஊசிக்கும் அவர்கள் கண் வைத்திருக்கிறார்கள். நாம் காது வைத்தோம். "அய்" நிலவும் மாதமும், "குன்" சூரியனும் நாளும். திங்களையும் ஞாயிறையும் தெரிந்தவர்கள் இதில் நேரம் செலவிட வேண்டாம்.

நேரம் செலவிட வேண்டியது வேறிடத்தில். ஒரு சொல் பல பொருளுக்கு விரிவது வேறு. தொடர்பே இல்லாத இரண்டு சொற்கள் ஒரே ஒலியில் இருப்பது வேறு. தேர்வில் பிரித்துக் காட்டச் சொல்வார்கள். "அத்" என்றால் குதிரை, பெயரும்கூட. "அதிங்" உன் பெயரா, உன் குதிரையா என்பதை அடுத்த சொல்தான் சொல்லும். விளக்க அகராதியில் இவற்றுக்கு ரோமன் எண் போட்டுத் தனித்தனிப் பதிவு இருக்கும். விரிந்த பொருள்கள் ஒரே பதிவுக்குள் 1, 2, 3 என்று வரும். எனக்கு இதை யாரும் வகுப்பில் சொல்லவில்லை. அகராதியைப் புரட்டித்தான் பிடித்தேன்.

மறுதேர்வின் எழுத்துப் பகுதியில் "தவ் எதெகி" வந்தது. எதெக் என்றால் உடையின் கீழ்விளிம்பு. இடப்பக்கம் பார்த்தேன், மலை. "மலையடிவாரம்" என்று எழுதினேன். பக்கத்து மேசை நண்பன் மலைக்குப் பாவாடை கட்டிவிட்டிருந்தான்.