கத்திரியில் ஒரு குடுவை

மே 2, வெள்ளி
கழுத்தில் வந்த புற்றுநோய்க் கட்டியைப் பற்றி அரை மணி நேரம் பேசிய டாக்டர், இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கதவு வரை வந்த அக்காதான் திரும்பி நின்று, "தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, சார்" என்றாள். அப்போதுதான், "முதல் மருந்து ஏறுவதற்குள் விந்தைச் சேமித்துவிடுங்கள்" என்றார். அப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரும் வெள்ளி முதல் மருந்து.

மே 3
தூக்கமில்லை. டாக்ஸோரூபிசின் என்ற சிவப்பு மருந்தையும் சேர்த்து எனக்கு நான்கு மருந்துகள். சைக்ளோபாஸ்பமைடு, புரோகார்பசின் என்ற வேறு புற்றுநோய் மருந்துகள் அளவுக்கு இவை விந்தணுவைப் பாழாக்காதாம். பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டில் உற்பத்தி திரும்பிவிடுமாம். அந்தப் 'பெரும்பாலோர்' யார்? விந்தணுவைக் காப்பாற்ற மாத்திரை உண்டா என்று கேட்டேன். ஆண்களுக்குப் பலன் தரும் என்று நிரூபணமானது எதுவும் இல்லை. உறைய வைப்பதுதான் வழி.

மே 5, திங்கள்
நேற்றுக் கத்திரி பிறந்தது. கோரிப்பாளையம் சிக்னலில் ஹெல்மெட்டுக்குள் தலை வெந்தது. ஆய்வகத்தில் எச்ஐவி, மஞ்சள் காமாலைச் சோதனைகளுக்கு ரத்தம் எடுத்தார்கள். பிறகு கையில் ஒரு டப்பா, தாழ்ப்பாள் சரியாக விழாத ஓர் அறை. வெளியே அப்பா. இதற்கு மேல் எழுத மாட்டேன்.

விந்தை உறைய வைக்கும் குடுவைக்குள் மைனஸ் 196 டிகிரி. கரண்டு போனால் என்ன ஆகும் என்றேன். கரண்டே வேண்டாமாம், திரவ நைட்ரஜன் குறையக் குறைய ஊற்றினால் போதுமாம். யார் ஊற்றுவார்கள்?

படிவத்தில் ஒரு கேள்வி: நான் இறந்துவிட்டால் இதை என்ன செய்வது? 'அழித்துவிடலாம்' என்று எழுதினேன். கையெழுத்து கோணிவிட்டது.

மே 6
மில்லிலிட்டருக்கு 60 லட்சம் விந்தணு. 1.6 கோடியாவது இருக்க வேண்டுமாம். மருந்து தொடுவதற்கு முன்பே நோய் தின்றிருக்கிறது. "ஒரு கருமுட்டைக்கு ஒரு விந்தணு போதும், ஊசியால் உள்ளே செலுத்திவிடலாம்" என்றார் ஆய்வகத்துப் பெண். நாளை இன்னொரு முறை.

மே 7
கொடுத்தாயிற்று.

மே 8
மீனாட்சி திருக்கல்யாணம். டிவி முன்னால் அம்மா தாலிக்கயிறு மாற்றிக்கொண்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

மே 9
சிவப்பு மருந்து. சிறுநீரும் சிவப்பு. முன்பே சொல்லியிருந்தார்கள், இருந்தும் பதறினேன்.

மே 12
அழகர் ஆற்றில் இறங்கிவிட்டார். கூட்டத்துக்குள் போகக் கூடாது; மொட்டை மாடியிலிருந்து வேட்டுச் சத்தம் மட்டும். ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள். காலண்டரில் எண்ணிப் பார்த்து நிறுத்திவிட்டேன். இத்தனை விடுமுறையில் ஆய்வகத்தில் ஆள் இருப்பார்களா?

மே 13
சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்தபடி, "செவ்வாய்க்குச் செவ்வாய் ஊற்றுகிறார்களாம். இன்றும் ஊற்றிவிட்டார்கள்" என்றார். அவரிடம் நான் கேட்கவே இல்லை.

மே 14
வாய்ப்புண். உப்புத் தண்ணீர்.