கடைசியா எப்ப குடிச்சீங்க?

ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் 16 வருடங்களாக ஃபார்மசிஸ்டாக இருக்கிறேன். காலை பத்தரை மணிக்கு மேல் வருகிறவர்களில் சிலரை முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தே தெரிந்துகொள்வேன். டாஸ்மாக் திறக்க மதியம் 12 மணி ஆகும். இனிமேல் தொடுவதில்லை என்று முந்தின நாள் முடிவெடுத்தவருக்கும், கையில் காசில்லாமல் நின்றுபோனவருக்கும் அந்த நேரத்தில் உடம்பு ஒரே மாதிரிதான் ஆடுகிறது.

ஏழெட்டு வருடம் முன்னால் ஒரு மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வேலையில்லாத அந்த இரண்டு மாதத்தில் காசிமேட்டில் குடி கூடிப்போகிற வீடுகள் உண்டு. இதுதான் நல்ல சமயம், நிறுத்திப் பார்க்கலாம் என்று நினைக்கிறவர்களும் உண்டு. அப்படி நினைத்த ஒரு அண்ணன், படகில் இன்ஜின் டிரைவர், கடைக்கு வந்தார். பத்து ரூபாய் நாணயம் ஒன்றைக் கண்ணாடி மேசை மேல் வைத்தார். வைத்த பிறகும் விரலை எடுக்கவில்லை. விரலுக்கு அடியில் அந்தக் காசு டக் டக் டக்கென்று கண்ணாடியில் அடித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு கையால் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"முந்தாநாளோட நிறுத்திட்டேன்க்கா. நேத்து ராத்திரி பொட்டுத் தூக்கமில்ல. ஒரு தூக்க மாத்திரை கொடுங்க."

டாக்டர் சீட்டு இல்லாமல் தர முடியாது என்றேன். அதில் தவறில்லை. அல்பிரசோலம், டயசெபாம், குளோர்டயாசெபாக்சைடு எல்லாம் ஹெச்-1 பட்டியல் மருந்துகள். டாக்டர் பெயர், நோயாளி பெயர், மாத்திரை, எண்ணிக்கை எல்லாவற்றையும் தனி ரிஜிஸ்டரில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். ஆனால் சொன்ன கையோடு நான் அடுத்தவருக்கு இன்சுலின் எடுக்க ஃப்ரிட்ஜ் பக்கம் திரும்பிவிட்டேன். திரும்பி வந்தபோது மேசை மேல் காசு இல்லை, அவரும் இல்லை.

மறுநாள் அவர் மனைவி சத்து ஊசி மருந்துச் சீட்டோடு வந்தார். முந்தின நாள் சாயங்காலமே அவருக்கு ஃபிட்ஸ் வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கையில் சாவிக்கொத்தைத் திணித்திருக்கிறார்கள். நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தம். ஆட்டோவில் போட்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். "உங்க கடைக்குத்தான் முதல்ல வந்தாராமே" என்றார் அந்த அம்மா. குற்றம் சொல்லவில்லை, சும்மா ஒரு தகவலாகச் சொன்னார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

குடியை நிறுத்துவது நல்லதுதானே, அதற்கு எதற்கு டாக்டர் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். மது மூளையை அமுக்கி வைக்கிறது. வருடக்கணக்கில் அமுங்கிக் கிடந்த மூளை அதை எதிர்த்து வேகமாக ஓடப் பழகியிருக்கும். திடீரென்று மதுவை எடுத்துவிட்டால் வேகம் மட்டும் மிஞ்சும். ஏழெட்டு மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, படபடப்பு. இரண்டு நாளைக்குள் சிலருக்கு வலிப்பு. மூன்றாம் நாள் வாக்கில் சிலருக்கு இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரியும், காதில் குரல் கேட்கும், காய்ச்சல் அடிக்கும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். "பேய் புடிச்சிருக்கு" என்று தர்காவுக்கும் கோயிலுக்கும் அழைத்துப் போய், போன இடத்தில் மயங்கி விழுந்தவர்கள் கதை இங்கே ஒன்றிரண்டு இல்லை. அது பேய் இல்லை, அடுத்த நிமிடமே 108-க்கு போன் செய்ய வேண்டிய நிலை.

அதற்கப்புறம் "சீட்டு இல்லாம தர மாட்டோம்" என்பதோடு யாரையும் நான் அனுப்புவதில்லை. ஸ்டூலில் உட்காரவைத்துக் கேட்பேன்: கடைசியா எப்ப குடிச்சீங்க? ஒரு நாளைக்கு எவ்வளவு? முன்னாடி நிறுத்தினப்ப எப்பவாவது ஃபிட்ஸ் வந்திருக்கா? மூன்று பதிலையும் பில் புக்கின் பின்பக்கம் எழுதிக் கிழித்துக் கொடுப்பேன். டாக்டரிடம் வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் இந்தத் தாளை நீட்டினால் போதும்.

உண்மையான அளவு வெளியே வருவதுதான் கஷ்டம். "கொஞ்சம்" என்பார்கள், அரை குவார்ட்டரைச் சொல்லி "ஒரு கட்டிங்" என்பார்கள். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் சுத்தமான ஆல்கஹால் மட்டும் சுமார் 60 கிராம் இருக்கிறது. தினமும் இரண்டு குவார்ட்டர் போட்டவர் ஒரு கட்டிங் என்று சொன்னால், டாக்டர் அந்தக் கணக்குக்குத்தான் மாத்திரை எழுதுவார். அது போதாது. நடுக்கம் அடங்காது, மருந்து வேலை செய்யவில்லை என்று மறுபடி பாட்டிலைத் தேடுவார். டாக்டரிடம் சொல்லும் இந்தப் பொய்யில் மரியாதை எதுவும் மிஞ்சுவதில்லை. சரியாக எழுதிய மாத்திரையை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வந்து, பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் நிறுத்திவிடுவார்கள். கூடவே பி-1 வைட்டமினும் கொடுப்பார்கள். நீண்ட நாள் குடித்தவருக்கு அது குறைந்திருந்தால் ஞாபகமே தடுமாறிப்போகும்.

அடுத்த தடை, எங்கே போவது என்பது. "கீழ்ப்பாக்கமா? எனக்கென்ன பைத்தியமா?" என்று ஒருவர் எழுந்தே போய்விட்டார். மனநலப் பிரிவு என்றாலே நம் ஊரில் கேலிப் பேச்சுதான். குடியிலிருந்து மீட்கும் வைத்தியம் அந்தப் பிரிவில்தான் நடக்கிறது என்று பொறுமையாகச் சொல்லவேண்டும். பக்கத்திலேயே ஸ்டான்லி இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்னமும் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். பேர் வெளியே தெரியாமல் பேசவேண்டும் என்பவர்களுக்கு 14446 என்ற இலவச போதை மீட்பு உதவி எண்ணை எழுதித் தருவேன்.

அந்த அண்ணன் பத்து நாள் கழித்து வந்தார். கை நின்றிருந்தது. ஆனால் குடித்த காலத்தில் இல்லாத பயம் எல்லாம் மொத்தமாக வந்திருந்தது. வலது விலாவுக்குக் கீழே குத்துகிறது, கால் விரல் மரத்துப்போகிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இருபது வருடமாக மது மறைத்து வைத்திருந்த உடம்பை இப்போதுதான் அவர் முதல்முறையாகக் கவனிக்கிறார். ரத்தம் கொடுத்துப் பார்க்க மட்டும் மாட்டேன் என்றார். "லிவர் போயிடுச்சுன்னு சொல்லிட்டா அப்புறம் எதுக்கு நிறுத்தணும்?" ஏற்கெனவே ஒரு கிளினிக்கில், "குடிக்கும்போது தெரியலையா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டிருக்கிறார்கள். இந்த ஒரு கேள்வியால் எத்தனை பேர் பாதியிலேயே திரும்பிப்போகிறார்கள் என்று கேட்கிறவர்களுக்குத் தெரிந்தால் கேட்க மாட்டார்கள். அவரும் அப்படித் திரும்பி வந்து, இரண்டு பாட்டில் லிவர் டானிக்கும் கீழாநெல்லியுமாகச் சமாளித்துக்கொண்டிருந்தார். டானிக்குக்குக் கொடுத்த காசில் பரிசோதனையையே முடித்திருக்கலாம். நானும் அவர் மனைவியும் மாறி மாறிப் பேசினோம். கடைசியில் போனார்.

ரிப்போர்ட்டைப் பிளாஸ்டிக் பைக்குள் நாலாக மடித்துக் கொண்டுவந்தார். "இதுல எதுக்கா சாவுற நம்பர்?" என்றார். ஈரல் பாதிப்பைக் காட்டும் ஜிஜிடி 380 என்று இருந்தது, ஸ்கேனில் கொழுப்பு படிந்த ஈரல். விளக்கவேண்டியது டாக்டர், நான் இல்லை. ஆனால் ஒன்று சொன்னேன்: கொழுப்பு படிந்த நிலையில் இருக்கும் ஈரல், குடியை நிறுத்தினால் சில வாரங்களிலேயே தேற ஆரம்பித்துவிடும். சுருங்கிப்போன ஈரலுக்குக்கூட நிறுத்துவதுதான் முதல் வைத்தியம். ஆறு வாரம் கழித்து எடுத்த ரிப்போர்ட்டில் அதே ஜிஜிடி 96. எண்ணுக்குக் கீழே நகத்தால் கோடு போட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். "குழம்புல கலந்து கொடுக்குற மாத்திரை இருக்காமே" என்று பெண்கள் வந்து கேட்பார்கள். அவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும், கோபப்பட மாட்டேன். டைசல்ஃபிரம் என்ற அந்த மருந்து உள்ளே இருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். தெரிந்து சாப்பிடுகிறவரே இருமல் சிரப்பிலும் அரிஷ்டத்திலும் ஆல்கஹால் இருக்கிறதா என்று பார்த்துத்தான் குடிக்கவேண்டும். அவர் சம்மதத்தோடு, டாக்டர் எழுதினால் மட்டும்தான் தருவேன் என்று சொல்லி, அவர்களையும் அதே ஸ்டூலில் உட்காரவைத்துப் பேசுவேன்.

போன வருடம் தடைக்காலம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது அந்த அண்ணன் ஒரு இளைஞனைத் தோளில் கைபோட்டு அழைத்து வந்தார். அவர் படகில் வலை இழுக்கிற பையன். சட்டை முழுக்க வியர்வை.

"நடுக்கடல்ல இவனுக்கு ஃபிட்ஸ் வந்தா கரை சேர்றதுக்குள்ள என்னா ஆவும்? இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போறேன். அந்தச் சீட்டு ஒண்ணு எழுதிக் கொடுங்கக்கா."

பில் புக்கைத் திருப்பினேன். கடைசியா எப்ப குடிச்ச தம்பி? நேத்து சாயங்காலம் என்றான். ஃபிட்ஸ்? இல்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு?

"ஒரு குவார்ட்டர்க்கா."

அண்ணன் எதுவும் பேசாமல் அவனையே பார்த்தார். பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

"மூணு" என்றான்.

மூன்று என்று எழுதினேன்.