அக்காவும் அழியாத மையும்

என் அக்காவுக்குக் கண்ணீர் வருவதற்குத் துக்கம் தேவையில்லை. கொட்டாவி விட்டால் வரும், சிரித்தால் வரும், எதிர்க்காற்று அடித்தால் வரும். தொலைக்காட்சித் தொடரில் வில்லி திருந்திவிட்டால் தாரை தாரையாக வரும். அப்படிப்பட்டவள் இமைமுடிக்குப் பூசும் மையான மஸ்காரா வாங்கக் கிளம்பினால் துணைக்கு ஓர் ஆள் வேண்டாமா? நான் போனேன்.

கடையில் ஒவ்வொரு குழாயும் ஒரு வாக்குறுதியோடு நின்றது. ஒன்று அடர்த்தி தருமாம், ஒன்று நீளம் தருமாம், ஒன்று சுருட்டிவிடுமாம். மூன்றையும் நானே தருகிறேன் என்று ஒன்று. தேர்தல் சுவரொட்டிகூட இவ்வளவு கூசாமல் பேசாது.

"மேடம், உங்களுக்கு எது போட்டாலும் எடுப்பாக இருக்கும்" என்றாள் விற்பனைப் பெண். இந்த வாக்கியத்தைக் கேட்டால் நான் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். முடி நேராக நிற்கிறதா, வளைந்திருக்கிறதா, குட்டையா, இமையில் எண்ணெய்ப் பசை உண்டா, கான்டாக்ட் லென்ஸ் போடுவீர்களா என்று ஒரு கேள்விகூட அவள் கேட்கவில்லை. சரி, நாமே பார்ப்போம் என்று அக்காவின் முகத்தருகே குனிந்தேன்.

"என்ன, பேன் பார்க்கிறாயா?" என்றாள் அக்கா.

அக்காவுக்கு முடிக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லாம் நேராக, தரையைப் பார்த்தபடி இருந்தன. மேல் இமையில் பொதுவாக நூறு முடி தேறும், நீளம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். அந்த ஒரு சென்டிமீட்டருக்காகத்தான் இத்தனை அலமாரிகள்!

என்னைக் கேட்டால், பெட்டியில் எழுதியிருப்பதை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் பிரஷ்ஷைத்தான் பார்க்க வேண்டும். குண்டான, ரோமம் அடர்ந்த பிரஷ் மையை நிறைய அள்ளும். முடி அடர்த்தியாகத் தெரியும். ஆனால் சின்னக் கண்ணில் பாதி மை இமைத்தோலுக்கே போய்ச் சேரும். குட்டை முடிக்காரர்களுக்கு மெல்லிய, சீப்புப் பல் வைத்த பிளாஸ்டிக் பிரஷ்தான் சரி, வேர் வரை எட்டும். நீளத்துக்கென்று வருபவை சிலவற்றில் பொடி நார்கள் கலந்திருக்கும். அவை உதிர்ந்து லென்ஸுக்கு அடியில் போய் உட்கார்ந்தால் நாள் முழுவதும் உறுத்தல். அக்கா லென்ஸ்காரி. அந்த வகை அலமாரிக்கே திரும்பியது.

விற்பனைப் பெண் டெஸ்டரைத் திறந்து கண்ணருகே கொண்டுவந்தாள். ஊரார் கண்ணெல்லாம் தொட்ட பிரஷ்! கண்நோய் இலவச இணைப்பாக வரும் என்று தடுத்தேன். உடனே அக்காவின் புறங்கையில் ஒரு கோடு இழுத்து, "எப்படி அழகாக நிற்கிறது பாருங்கள்" என்றாள். நின்றது உண்மைதான். புறங்கைக்குக் கொட்டாவி வராதே.

"இது எத்தனை வருடம் வரும்?" என்று அக்கா கேட்டாள்.

"மூன்று மாதம்" என்றேன். அக்கா நெஞ்சில் கை வைத்தாள். வீட்டில் ஒரு பழைய குழாயைத் தண்ணீர் விட்டுக் குலுக்கிக் குலுக்கி ஓட்டிக்கொண்டிருப்பவள் அவள். கட்டி மையை நனைத்துப் பூசிய காலம் ஒன்று இருந்தது. பிரஷ்ஷோடு கூடிய குழாய் 1950களின் பிற்பகுதியில் வந்தது. அக்கா இன்னும் அந்தப் பக்கம் வரவில்லை. திறந்த குழாய்க்குள் கிருமி சேரும், தண்ணீர் விட்டால் இன்னும் சேரும் என்று சொல்லிப் பார்த்தேன்; காதில் விழவில்லை.

கடைசியில் வாட்டர்ப்ரூஃபா, டியூபிங்கா என்று வந்து நின்றது. விற்பனைப் பெண் முதலாவதன் கட்சி. அவள் சொன்னதிலும் நியாயம் உண்டு. அதில் மெழுகு தூக்கல், தண்ணீர் குறைவு; அதனால் சுருட்டிய முடி தொய்யாமல் நிற்கும். (சுருட்டும் கிடுக்கியை மை பூசுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். பூசிய பிறகு போட்டால் முடி அதில் ஒட்டி, கையோடு வந்துவிடும்.) நான் டியூபிங் கட்சி. அது ஒவ்வொரு முடிக்கும் மெல்லிய உறை போட்டுவிடும். கண்ணீருக்கு அசையாது, வெந்நீருக்கு வழுக்கிக்கொண்டு வரும். அக்கா மூத்தவள், முடிவு அவளுடையது. வாட்டர்ப்ரூஃப் வாங்கினாள்.

அன்று இரவு சோப்பு, ஃபேஸ்வாஷ், மறுபடி சோப்பு. மை இமையை விட்டுக் கன்னத்துக்குக் குடிபெயர்ந்ததே தவிர, முகத்தை விட்டுப் போகவில்லை. தூக்கக் கலக்கத்தில் எதிரே வந்த அத்தான் ஒரு முறை அலறினார். எண்ணெய் கலந்த ரிமூவரைப் பஞ்சில் நனைத்து, மூடிய இமை மேல் அரை நிமிடம் வைத்து, தேய்க்காமல் வழித்தெடுத்தேன். மறுவாரம் அக்காவே போய் டியூபிங் வாங்கிவந்தாள்.

இது கழுவும்போது கரைந்து ஓடாது, கறுப்புத் துணுக்குகளாக உதிரும். காலையில் வாஷ்பேசினைப் பார்த்த அத்தான், எறும்புகள் எங்கிருந்தோ படையெடுத்துவந்து செத்துக் கிடக்கின்றன என்று முடிவுகட்டி, குளியலறையைச் சுற்றி எறும்புப் பொடி தூவிவிட்டார். தினமும் தூவுகிறார். பொடி நன்றாக வேலை செய்வதாக அவருக்குப் பெருமை. அக்கா அவரிடம் இதுவரை எதுவும் சொல்லவில்லை.